நடுவுல ஒரு மலை இருக்குய்யா

பஸ் ரூட் முடிவு பண்ற அதிகாரிகளுக்கு, சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக்குப் பின்பக்கம் இருக்கற ஒரு சின்ன ஊர்க்காரனோட வணக்கம்.

சாயங்கால பஸ் எப்ப நின்னுச்சு, எத்தனை மனு குடுத்தோம்ங்கறதெல்லாம் உங்க ஃபைல்லயே இருக்கும், திரும்ப சொல்லல. போன வாரம் வந்த பதிலைப் பாத்துத்தான் இத எழுதுறேன். "அருகிலேயே மாற்று நிறுத்தம் உள்ளது"ன்னு போட்டிருக்கீங்க. மேப்புல ஸ்கேல் வச்சு அளந்தா பக்கம்தான்யா, ஆனா நடுவுல ரெண்டாயிரம் அடிக்கு மேல ஒரு மலை நிக்குதே. நீங்க சொல்ற நிறுத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கோயில்கிட்ட இருக்கு, அங்க இறங்கி அடிவாரத்தையே சுத்தி கண்மாய்க்கரை வழியாத்தான் ஊருக்கு வரணும், அதுல பாதித் தூரத்துக்கு லைட்டே கிடையாது.

ப்ளஸ் டூ பிள்ளைக ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வந்து இறங்குறப்பவே இருட்டிருது. ஒரு பிள்ளையோட அப்பா தன்னோட பழைய டிவிஎஸ் எக்ஸெல்ல ரெண்டு ரெண்டு பேரா ஏத்திக்கிட்டுப் போய் விட்டுட்டு வர்றாரு, அதுவரைக்கும் மிச்சப் பிள்ளைக டீக்கடை வெளிச்சத்துல நிக்குதுக. அந்த வண்டியில ஆக்சிலேட்டர முறுக்குனாத்தான் லைட்டு எரியும், கரை மேட்டுல மெதுவா ஏறுறப்ப சுத்தமா மங்கிரும், முன்னாடி பாம்பு கெடந்தாலும் தெரியாது. மழை பேஞ்சா செம்மண்ணு வழுக்குறதுல அவரும் வர முடியாது. இதுக்குப் பயந்தே சில வீட்டுல பொட்டப்பிள்ளைகள ஸ்பெஷல் கிளாஸுக்கு அனுப்புறதையே நிப்பாட்டிட்டாக. சாயங்கால பஸ்ஸ ஊர் வரைக்கும் விடுங்கய்யா, கேக்குறது அம்புட்டுத்தான்.

2021-லேருந்து டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்ல, நல்ல விஷயம். இப்ப எங்களுக்கு பஸ்ஸும் இல்ல.

பாரி தேர் குடுத்த கதைய மேடைக்கு மேடை பேசுறாக, அத நான் பேச வரல. எங்க பிரான்மலைதான் பாரியோட பறம்பு மலை, இதத்தான் மூவேந்தரும் சேந்து முற்றுகை போட்டாக. உழாமலே மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன்னு நாலும் விளையுற மலை, உங்களால ஆகாதுன்னு கபிலர் அவுக மூஞ்சிக்கு நேராவே பாடிட்டாரு. மூணு ராஜா முற்றுகை போட்டும் முடியாதத நீங்க ஒத்தப் பேப்பர்ல முடிச்சிட்டீங்க, கெட்டிக்காரவுகதான்.

செட்டிநாட்டுக்கு எல்லை சொல்றப்ப மட்டும் மேற்கே பிரான்மலைன்னு எங்க மலை வேணும், ஆனா டூரிஸ்ட் வந்தா கானாடுகாத்தான் வீடு, ஆத்தங்குடி கல்லு, அதோட வண்டி திரும்பிரும். சம்பந்தர் பாடுன கோயில், பாதாளம் பூமி கைலாயம்னு மூணு அடுக்கா இருக்கு, மலை உச்சில தர்கா இருக்கு, ரெண்டு பக்கத்துச் சனமும் ஏறி இறங்குற மலை, இத வந்து பாக்க யாருக்கும் நேரம் இல்ல. சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க.

காலை ட்ரிப்ப உங்க தோதுக்கு முன்னப்பின்ன மாத்திக்கங்க, நாங்க அனுசரிச்சுக்கிறோம். சாயங்கால பஸ்ஸ மட்டும் தயவுசெஞ்சு ஊர் வரைக்கும் விடச்சொல்லுங்க. முடியாதுன்னுதான் மறுபடி எழுதப் போறீங்கன்னா, அதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல யாராச்சும் ஒருத்தர் ராத்திரி ஏழு மணிக்கு கோயில்கிட்ட இறங்கி நடந்து வந்து பாத்துட்டு எழுதட்டும். டார்ச் லைட்டோட நாங்களே துணைக்கு வர்றோம்.

இப்படிக்கு,
மலைக்குப் பின்பக்கத்து ஊர்க்காரன்