மைக்ரோபோர் டேப்பில் எழுதிய பாஸ்வேர்டு

அன்புத் தோழிக்கு,

உன் பொங்கல் வாழ்த்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள உனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் பதினேழாம் நம்பர் அறையில் என் பங்கு மிக்சரையும் சேர்த்து நீ தின்று தீர்த்த கணக்கு இன்னும் நிலுவையில் இருப்பதால், இரண்டையும் நேர்செய்துகொள்ளலாம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. பெரியவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான்.

எழுத வந்த செய்தி வேறு. கேஸ் ஷீட், மருந்துச் சார்ட், பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் கணினிக்கு மாற்ற எங்கள் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருள் வாங்கினார்கள் அல்லவா? அது இன்னும் பாதிக் கிணறு தாண்டிய நிலையில்தான் நிற்கிறது. இப்போது மருத்துவர்கள் சார்பில் அந்தப் பொறுப்பை என்னை ஏற்கச் சொல்கிறார்கள். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் போன மாதம் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து யூனிட்டில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் காய்ச்சலுடன் படுத்திருந்தார். இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. மாலை ரவுண்ட்ஸில் யூனிட் சீஃப் இரவு இன்சுலினை வேண்டாம் என்று காகிதச் சார்ட்டில் அடித்துவிட்டுப் போனார். கணினியில் அடிக்கவில்லை. அவர் ஒருநாளும் லாகின் செய்ததில்லை. அவருடைய பாஸ்வேர்டு காயக் கட்டுக்கு ஒட்டும் மைக்ரோபோர் டேப்பின் ஒரு துண்டில் எழுதப்பட்டுக் கீபோர்டின் அடியில் ஒட்டியிருக்கும். நேரம் கிடைக்கும்போது பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர்கள் அதைப் போட்டு அவர் பெயரில் பதிவார்கள். அன்று மாணவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இரவுப் பணிக்கு வந்த சிஸ்டர், கணினியில் உள்ளதே செல்லும் என்ற சுற்றறிக்கையை நம்பித் திரையைப் பார்த்து இன்சுலின் போட்டார். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது, சர்க்கரை 38க்கு இறங்கியிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். மறுநாள் மெமோ சிஸ்டருக்குப் போனது.

விதியை மீறாத ஒரே ஆள் அந்தப் பெண். தண்டனையும் அவளுக்கே. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது. ஏனென்றால் என் பாஸ்வேர்டும் என் பி.ஜி.யிடம்தான் இருந்தது. ஓ.பி. கூட்டத்தைக் காரணம் காட்டி நானும் அதைத்தான் செய்துவந்தேன். அவள் முகத்தைப் பார்த்த அன்றுதான் மாற்றிக்கொண்டேன்.

வார்டில் எது நிலைக்கும் என்பதைச் சுற்றறிக்கையோ பயிற்சி வகுப்போ முடிவு செய்வதில்லை. சீஃபின் கை எங்கே போகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. ஹவுஸ் சர்ஜன் முதல் வார்டு உதவியாளர் வரை எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்க்கிறார்கள். அவர் காகிதத்தைத் தேடினால் எல்லோரும் காகிதத்தைத் தேடுவார்கள். கணினி, பிற்பாடு யாரோ நிரப்பிவைக்கும் இன்னொரு பதிவேடாகிவிடும்.

கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லியின் கதையை எனக்கு முதலில் சொன்னவள் நீதான். போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் அழற்சி உண்டாக்காமல் கிடந்ததைக் கவனித்த மனிதர், 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை வில்லையை (லென்ஸை) கண்ணுக்குள் வைத்தார் என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று நீ சொன்னபோது, அவருடைய துணிச்சல் மட்டுமே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அவரை எதிர்த்த டியூக்-எல்டரைப் பற்றியே அதிகம் யோசிக்கிறேன். அன்றைய பிரிட்டனில் கண் மருத்துவம் என்றாலே அவர் பெயர்தான். அவர் முகம் சுளித்தால் இளையவர் எவர் அந்த வில்லையைத் தொடத் துணிவார்? தொடக்ககால அறுவைகளில் சிக்கல்கள் இருந்தன என்பதும் உண்மைதான். ஆனாலும் பரவலாக ஏற்கப்படப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ரிட்லிக்கு ‘சர்’ பட்டம் வந்தது 2000இல்.

அதே வில்லை மதுரைக்கு வந்த கதையைப் பார். விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்ற பேச்சு இருந்த காலத்தில், முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கத்தியைப் பிடிக்கப் பழகிய, அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் வெங்கடசாமி, இலவசமாக வரும் நோயாளிக்கும் அது வேண்டும் என்று நின்றார். 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி வில்லையை இங்கேயே செய்தார்கள், விலை பல மடங்கு இறங்கியது. பொருள் ஒன்றுதான். முன்னால் நின்ற மருத்துவர்தான் வேறு.

எதிர்க்கும் சீஃப்களை எல்லாம் பழமைவாதிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மென்பொருளில் ஒரு பாராசிட்டமால் எழுத ஒன்பது முறை சொடுக்க வேண்டும். நாற்பது படுக்கை வார்டில் அது யாருக்குக் கட்டும்? லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனை கோடிக்கணக்கில் செலவிட்டு மருந்து உத்தரவுகளைக் கணினிக்கு மாற்றி, பல நூறு மருத்துவர்கள் கொதித்தெழுந்ததால் 2003 தொடக்கத்தில், மூன்றே மாதங்களில், அதை நிறுத்திவைத்தது. வேலை இழுக்கிறது என்ற அவர்களுடைய முறையீட்டில் நியாயம் இருந்தது. இங்கிலாந்தில் 2002இல் மேலிருந்து திணித்த தேசியக் கணினித் திட்டத்தை 2011இல் கலைப்பதாக அறிவித்த பிறகு, 2016இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வாக்டர் தலைமையிலான குழு, வார்டும் தெரிந்த கணினியும் தெரிந்த மருத்துவர்களைத் தலைமைப் பொறுப்பில் வையுங்கள் என்று சொன்னது. என்னைக் கேட்டிருப்பதும் ஏறக்குறைய அந்த வேலைதான். சீஃப்களின் முறையீட்டை மென்பொருள்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்து, திருத்தி வாங்கிவந்து, முதலில் நானே என் வார்டில் பயன்படுத்திக் காட்ட வேண்டும்.

மூன்று நிபந்தனைகள் எழுதி வைத்திருக்கிறேன். இரவுப் பணி சிஸ்டர்கள் இருவர் குழுவில் இருக்க வேண்டும். ஒரு வார்டில் கணினி தொடங்கும் அன்றே அங்கே காகிதச் சார்ட்டை எடுத்துவிட வேண்டும், இரண்டும் ஒன்றாக ஓடக்கூடாது. அந்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். மூன்றாவதுக்கு நிர்வாகம் தயங்கும் என்று தெரிகிறது. அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

எனக்கு உன்னிடமிருந்து ஒன்று வேண்டும். உங்கள் பழைய சீஃப், ஐம்பது வயதுக்கு மேல் ஃபேகோ என்ற கண்புரை அறுவை முறையைக் கற்றுக்கொள்ளத் தன் மாணவருக்குப் பக்கத்தில் உதவியாளராக உட்கார்ந்தார் என்று ஒருமுறை சொன்னாய். அவர் எப்படி அதற்குத் தன்னைத் தயார்செய்துகொண்டார், தியேட்டரில் மற்றவர்கள் அன்று எப்படி நடந்துகொண்டார்கள், விவரமாக எழுது. பக்கத்து யூனிட் சீஃபை நேரில் பார்த்துப் பேசவேண்டியிருக்கிறது. அவர் கெட்ட மனிதர் அல்ல. தட்டச்சு தெரியாது என்பதை மாணவர்கள் முன் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுகிறார் என்றே நினைக்கிறேன். தினமும் ஓ.பி. முடிந்ததும் அரை மணி நேரம் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவருமாகப் பழகலாமா என்று கேட்கப்போகிறேன்.

புதன்கிழமைக்குள் உன் பதில் வராது என்றால் ஃபோனிலாவது கூப்பிடு. இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் அறைத்தோழி