அடுத்ததுக்கு அவசரப்படாதே

கண்ணு,

நேற்று போனில் "அத்தை அடுத்ததுக்குக் கேக்கறாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்தினாயே, அதிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. பையனுக்கு இன்னும் எட்டு மாதம்கூட ஆகவில்லை. பேசினால் கோபம் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மிச்சி, என்னைப் பெற்றவள், எட்டுப் பெற்றாள், ஆறு தங்கியது. ஒன்றுக்குக்கூட ஆஸ்பத்திரி போனதில்லை என்று ஊரே பெருமையாகச் சொல்லும். மஞ்சள் காட்டில் களை வெட்டும்போது இருமல் வந்தால் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, சேலை மடிப்போடு சேர்த்து அடிவயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். ஏதோ வயிற்றுவலி என்றுதான் நினைத்திருந்தேன். நீ பிறந்த பிறகுதான் என்னிடம் வாய் திறந்தாள்: "அடி எறங்கிக் கெடக்குது சாமி, நாலாவதுக்கு அப்புறமே." அதற்கப்புறமும் நாலு பெற்றிருக்கிறாள்! துணியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போயிருக்கிறாள். சுகப்பிரசவம் கூடக்கூட அடித்தசை தளர்ந்து கர்ப்பப்பை இறங்கும் வாய்ப்பு அதிகமாகும் என்று, கடைசியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்த டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் மூன்றோடு நிறுத்தினேன். இருந்தும் பஸ்ஸில் தும்மல் வந்தால் காலை இறுக்கிக்கொண்டுதான் தும்முகிறேன். உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

பிள்ளை பெறுவதே கெடுதல் என்று சொல்ல வரவில்லை. பெற்றுப் பால் கொடுத்தவளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் குறைகிறது, சினைப்பைப் புற்றும் அப்படித்தான். எனக்கு உறுத்துவது இடைவெளி. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் 24 மாதமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உனக்கு ஏழாம் மாதத்திலேயே ரத்தம் 9 தான் இருந்தது. தமிழ்நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் வந்ததே, அதில் நீயும் ஒருத்தி. குறைந்த ரத்தம் ஏறுவதற்குள் இன்னொன்றைச் சுமந்தால் எதைக் கொடுத்து வளர்ப்பாய்? கர்ப்பத்தில் வந்த சர்க்கரையும் பிரசவத்தோடு போயிற்று என்று விட்டுவிடாதே, பின்னால் திரும்பி வரலாம், வருஷா வருஷம் பார்த்துக்கொள்.

மாப்பிள்ளையிடம் நீயே நேராகச் சொல். காப்பர்-டி வைப்பதா வேறு வழியா என்று டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போய்க் கேளுங்கள், நீ மட்டும் போகாதே. சம்பந்தியம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்களும் நாலு பெற்றவர்கள்தான், தனியாக உட்கார்ந்து பேசினால் அவர்களுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

முருங்கைக்கீரைப் பொடி அனுப்பியிருக்கிறேன். அப்புறம், சோறு தின்ற கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை விடு, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடி.

அம்மா