பேனா வாங்கிவிட்டேன், மாப்ளே

கோபே, ஜப்பான்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள மாப்ளைக்கு,

பேத்திக்கு நேற்றோடு நாற்பது நாள். தாயும் சேயும் நலம். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணை விழித்து உத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். மகளைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் தூக்கி வைத்துக்கொள்கிறேன். தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் போட்டு நீவுவதை விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து அதே நினைப்புதான். நாற்பது வருஷம் பத்திரம் எழுதிய கை, இப்போது ரீஃபில் பேனாவைப் பிடித்தால் அரைப் பக்கத்திலேயே பெருவிரல் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். பெரியப்பாவின் கதையை உன் கையாலேயே எழுதி முடிக்க வேண்டும், ஜப்பானில் நல்ல மைப்பேனா கிடைக்குமாமே, ஏதாவது ஒன்று வாங்கி வா என்றும் கேட்டிருந்தாய். அந்த ‘ஏதாவது ஒன்று’தான் என்னைக் கடைகடையாக ஏற வைத்தது. உன் எழுத்து எனக்குத் தெரியும். பொடி எழுத்து. முத்திரைத்தாளில் இடம் மிச்சம் பிடித்தே பழகியது. அழுத்தமும் அதிகம், கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்த காலத்தில் வந்தது. இந்த இரண்டையும் மனதில் வைக்காமல் உனக்குப் பேனா வாங்கினால் அது மேஜை டிராயரில்தான் கிடக்கும்.

இங்கே மைப்பேனாவுக்கு ‘மன்னென்ஹிட்சு’ என்று பெயர். பத்தாயிரம் ஆண்டுத் தூரிகை என்று பொருளாம். மகள் சொன்னதும் எனக்கு உன் பத்திர வாசகம்தான் ஞாபகம் வந்தது. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது.’ எந்தப் பேனாவை எடுத்தாலும் இந்த ஒரு வரியையே எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

கடையில் உட்கார நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், மடித்த துணி, வெள்ளைத்தாள். கடையில் இருந்த அம்மா ஒவ்வொரு பேனாவையும் மையில் தோய்த்து, நிப்பின் அடிப்பக்கத்தைப் புட்டியின் வாயில் லேசாகத் தடவி, மூடியைத் தனியாக வைத்து, பேனாவை மட்டும் என் பக்கம் திருப்பி நீட்டினார். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் ஒரே சீன எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். என்றென்றும் என்று பொருள்படும் எழுத்தாம். எட்டு வகையான அடிப்படைக் கோடுகளும் அந்த ஒன்றிலேயே வந்துவிடுவதால் பேனா பார்க்க வருகிறவர்கள் அதையே எழுதுவார்களாம். கோட்டை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கொக்கியாகச் சுண்ட வேண்டும், எங்கே இழுத்தபடியே மெலியவிட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் முறை இருக்கிறது. அவர் நிறுத்திய இடத்தில் நிப்பும் அப்படியே நின்றது. மை அங்கே குளம் கட்டவில்லை.

ஜப்பான் நிப்பு ஏன் இவ்வளவு மெல்லியது என்று அப்போதுதான் விளங்கியது. ஒரே எழுத்துக்குள் இருபது கோட்டுக்கு மேல்கூட வருகிறது. கோடு தடித்தால் எழுத்தே அடைத்துப்போகும். அதனால் இவர்கள் ‘ஃபைன்’ என்று போட்டிருப்பது, ஐரோப்பியப் பேனாக்களின் ‘ஃபைனை’விட ஒரு படி சன்னமாக இருக்கிறது. அங்கே ‘எக்ஸ்ட்ரா ஃபைன்’ என்று விற்பதற்குக் கிட்டத்தட்ட சமம். நமக்கும் இது பொருந்தும், மாப்ளே. நீ எழுதும் ‘ண’வை நினைத்துப் பார். அத்தனை சுழியும் ஒரு மிளகு அளவுக்குள் முடிகிறது. முதலில் ‘மீடியம்’ நிப்பில் உன் அளவுக்குச் சிறிதாக்கி ‘ஆண்டனுபவித்து’ எழுதினேன். ‘ண்’ணின் சுழியெல்லாம் மை நிரம்பிக் கரும்பொட்டு ஆகிவிட்டது, மேலே வைத்த புள்ளி ஒரு பருக்கை மாதிரி உட்கார்ந்தது. அந்த அம்மா ‘ஃபைனை’க் கொடுத்தார். ஒவ்வொரு சுழிக்குள்ளும் வெள்ளை தெரிந்தது. ‘பௌத்திர’வில் கொம்பும் ‘ள’ போன்ற குறியும் தனித்தனியாக நின்றன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இங்கே பெரிய கம்பெனி மூன்று. செய்லர் 1911இல் ஹிரோஷிமா பக்கம் குரே என்ற கப்பற்படைத் துறைமுகத்தில் ஆரம்பித்தது. பைலட் 1918, பிளாட்டினம் 1919. நூறு வருஷம் தாண்டியும் மூன்றும் தங்கள் நிப்பைத் தாங்களே செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காகிதத்தின் மேல் ஒரு தனி நடை. பைலட் வழுக்கிக்கொண்டு போகிறது. அவர்களுடைய ‘கஸ்டம் 74’ என்ற பேனா, கம்பெனிக்கு 74 வயதானபோது, 1992இல் வந்ததால் அந்தப் பெயர். செய்லரில் எழுதினால் நன்றாகச் சீவிய பென்சில் போல ஒரு மெல்லிய உரசல் விரலுக்குத் தெரியும். அதில் 21 காரட் நிப்பு உண்டு. காரட்டைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. காகிதத்தைத் தொடுவது தங்கமே கிடையாது, நுனியில் பற்றவைத்த கடின உலோகத்தின் ஒரு சின்ன மணி. அதை எப்படித் தேய்த்திருக்கிறார்கள் என்பதில்தான் எழுத்து இருக்கிறது.

அரக்கு பூசி ஈரம் காய்வதற்குள் பொன்துகள் தூவிப் படம் வரைந்த பேனாக்களையும் கண்ணாடிக்குள் பார்த்தேன். அழகுதான். நமக்கு வேண்டாம்.

உனக்கு வாங்கியது பிளாட்டினம் ‘3776 செஞ்சுரி’, ‘ஃபைன்’ நிப்பு, கறுப்பு. ஃபூஜி மலையின் உயரம் 3776 மீட்டர், அதுதான் பெயர். 14 காரட் நிப்பு, நடுவில் இதய வடிவத்தில் ஒரு சிறு துளை. இதை எடுத்ததற்குக் காரணம் சொல்கிறேன். இதே பேனாவில் ‘சாஃப்ட் ஃபைன்’ என்று வளைந்துகொடுக்கும் நிப்பும் இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்தது, ஆனால் உன் அழுத்தத்துக்கு இரண்டு இதழும் அகன்று ஒரு மாதத்தில் வீணாகிவிடும். சாதாரண ‘ஃபைன்’ விறைப்பானது, தாங்கும். இன்னொன்று, அதன் மூடி. மூடிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் உள்மூடியும் இருக்கின்றன. திருகி மூடும்போது உள்மூடி கழுத்தில் அழுந்திக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுகிறது. எழுதாமல் போட்டு வைத்தாலும் இரண்டு வருஷம் மை காயாது என்கிறது கம்பெனி. அறுவடை நாளில் நீ ஒரு மாதம் பேனாவைத் தொடமாட்டாய். சித்திரை வெயிலும் உனக்குத் தெரியும். திரும்பி வந்து திறந்தால் உடனே எழுத வேண்டும், உதறி உதறிச் சட்டையெல்லாம் மையாகக் கூடாது.

விரல் மரத்துப்போவதைப் பற்றியும் கேட்டேன். நான் எழுதும்போது அந்த அம்மா தாளைப் பார்க்கவில்லை, என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுனி வெளுத்திருந்தது. பேனாவின் கனமே போதும், கை சும்மா கூடப் போனால் சரி என்றார். ரீஃபில் பேனாவில் குண்டு உருண்டால்தான் மை வரும், அதற்காக நாம் அழுத்துகிறோம். இங்கே மை நிப்பின் பிளவு வழியே தானாக இறங்கிக் காத்திருக்கிறது, காகிதம் தொட்டதும் இழுத்துக்கொள்கிறது. பேனாவைக் கொஞ்சம் சாய்த்து, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் சாய்த்துப் பிடி. முதல் வாரம் எழுத்து கோணலாகத்தான் வரும். விட்டுவிடாதே. இந்தக் கடிதத்தின் ஆறாவது பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன், கையில் வலியே இல்லை. ஆமாம், நீ படிப்பது உன் பேனா எழுதிய எழுத்து. முதல் மை போட்டுப் பழக்கியவன் நான், மன்னித்துக்கொள்.

மை விஷயத்தில் உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. பிளாட்டினத்தின் ‘ப்ளூ பிளாக்’ இரும்புச் சத்தும் துவர்ப்புச் சத்தும் கலந்த பழைய வகை. எழுதும்போது நீலம், நாளாக ஆகக் கறுத்துத் தாளோடு சேர்ந்துவிடும், தண்ணீர் பட்டாலும் எழுத்து நிற்கும். பெரியப்பா கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சியதைச் சொல்வாயே, அதே தத்துவம். அவர் கதையை எழுத இதைவிட வேறு மை எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் செய். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வெறும் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிக் கழுவு. வெந்நீர் கூடாது.

இன்னொரு புட்டியும் வாங்கினேன். இந்த ஊரில் நாகசாவா என்ற எழுதுபொருள் கடை 2007இலிருந்து கோபே ஊரின் இடங்களின் பெயரில் மை விற்கிறது. ரொக்கோ மலையின் பச்சை, துறைமுகத்தின் நீலம் என்று. 1995 ஜனவரியில் இங்கே வந்த நிலநடுக்கத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஊர் எழுந்து நின்ற பிறகு, உதவியவர்களுக்கு இந்த ஊரின் நிறத்திலேயே நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் ஒருவருக்குத் தோன்றியதில் பிறந்த மைகளாம். மகள் வீட்டு ஜன்னலிலிருந்து ரொக்கோ மலை தெரிகிறது. காலையில் பனி விலகும்போது அந்தப் பச்சை அப்படியே இருக்கிறது. புட்டியை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். அதைத் தங்கச்சிக்குக் கொடு, கோலநோட்டில் எழுதட்டும்.

விமானத்தில் மை போட்ட பேனாவோடு ஏறுவதாக இல்லை. சிங்கப்பூர் போனபோது பாதி மையோடு பையில் வைத்து, மேலே போனதும் உள்ளே இருந்த காற்று விரிந்து, புதுச்சட்டை பாழானது. இதைக் கழுவிக் காயவைத்துத் துணியில் சுற்றி எடுத்து வருகிறேன்.

அதுவரை நீ ஒரு வேலை செய். பஜாரில் கிடைக்கும் நீள நோட்டுகளில் நாலைந்து வகை வாங்கி வை. உன்னிடம் மிச்சம் இருக்கும் பச்சைத்தாளிலும் இரண்டு எடு. எதில் மை ஊறுகிறது, எதில் பின்பக்கம் தெரிகிறது என்று திண்ணையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டுக் கதையைத் தொடங்கலாம். பெரியப்பா கிணறு வெட்டிய வருஷம் எது என்பதையும் மூலப்பத்திரத்தில் பார்த்துவிடு. நான் ஒன்று சொல்கிறேன், நீ ஒன்று சொல்கிறாய், அது தீரவேண்டும்.

பேத்தி விழித்துவிட்டாள். மணி ஒன்று.

உன் மச்சான்