அண்ணனுக்கு இன்னொரு ஸ்கேன்

பாம்பன்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் தேறித் தொண்டிக்கு வந்துவிட்டார் என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. ஆனால் மூளையில் ரத்தம் கசிந்ததற்கு 'பிரஷர்தான் காரணமாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எங்கள் பெரியப்பாவுக்கும் முதலில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். கடைசியில் மூளையில் இருந்த ஒரு கட்டிதான் கசிந்திருக்கிறது என்று தெரிந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டு இருந்த பெரியப்பா, தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். வாந்தி, பேச்சுக் குழறல், வலது கையைத் தூக்க முடியவில்லை. 108-ல் ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை. சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரிந்தது. மதுரையில் படத்தைப் பார்த்த டாக்டருக்கு மட்டும் சந்தேகம். பிரஷரால் வரும் கசிவு பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் இருக்குமாம். இவருக்கு மேற்பரப்பை ஒட்டி இருந்தது. புதுக் கசிவுக்கு இவ்வளவு வீக்கமும் இருக்காது என்றார். "முன்னால் புற்றுநோய் ஏதாவது வந்ததா?" என்று கேட்டார். பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: பல வருடம் முன்பு கட்டிக்காக ஒரு சிறுநீரகத்தை எடுத்திருக்கிறார்கள். அது முடிந்துபோன கதை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சிறுநீரகப் புற்றுநோய் வருடங்கள் கழித்தும் மூளைக்குப் பரவலாமாம்.

கட்டி வளரும்போது தனக்கு வேண்டிய ரத்தத்துக்காகப் புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்கிறது. அவற்றின் சுவர் பலமில்லாதது, திடீரென்று உடைந்துவிடும். சிறுநீரகத்திலிருந்து பரவியது, மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலிருந்து பரவியது, இவையெல்லாம் அதிகம் கசியும். மூளையிலேயே உண்டாகும் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியும் கசியலாம். சிலருக்குக் கட்டி இருப்பதே கசிந்த பிறகுதான் தெரியவருகிறது.

இதில் பெரிய சிக்கல், கலங்கிய தண்ணீரில் அடியில் கிடக்கும் கல் தெரியாத மாதிரி, ரத்தம் கட்டியை மறைத்துவிடும். முதல் எம்.ஆர்.ஐ.யில்கூடத் தெரியாமல் போகலாம். அதனால் சந்தேகம் இருந்தால், சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் ரத்தம் வடிந்த பிறகு, கட்டி படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஊசியில் ஏற்றி மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள். பெரியப்பாவுக்கு ஒரே சிறுநீரகம் என்பதால் முதலில் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத்தான் அந்த மருந்தை ஏற்றினார்கள். அப்போதுதான் கட்டி தெரிந்தது. வீக்கம் குறைய டெக்சாமெத்தசோன், பிறகு ஆபரேஷன், கதிர்வீச்சு. இப்போது பேச்சு நன்றாகத் தெளிந்துவிட்டது. கைக்குப் பயிற்சி நடக்கிறது. புதுப் பாலத்தில் ரயில் ஓடுவதால் மதுரைக்குக் கூட்டிப்போவதும் சுலபமாகிவிட்டது.

உன்னைப் பயமுறுத்தவில்லை மாப்ள. மூளைக் கசிவில் கட்டியால் வருவது கொஞ்சம்தான். அண்ணனுக்குப் பிரஷராகவே இருக்கலாம். ஆனாலும் டாக்டரிடம் இவற்றைக் கேள்: கசிவு எந்த இடத்தில்? மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா? திரும்ப எப்போது எடுக்க வேண்டும்? கசிவுக்கு முன்பே அவருக்குக் காலையில் தலைவலி, வலிப்பு, எடை குறைவு இருந்ததா என்று மதினியைக் கேட்டு, அதையும் சொல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா என்பதும் முக்கியம். பழைய சி.டி. படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதே, புதுப் படத்தோடு ஒப்பிட அவை வேண்டும்.

அடுத்த மாதம் பெரியப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போகிறேன். அண்ணனையும் அழைத்துக்கொண்டு நீ அங்கே வா, சேர்ந்தே டாக்டரைப் பார்ப்போம். தேதி முடிவானதும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள