கறி விலை உயர்வு குறித்தும், உலவிவரும் ஒரு பேச்சு குறித்தும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஐப்பசி முதல் தேதியிலிருந்து நம் கடையில் ஆட்டுக்கறி விலை கிலோவுக்கு 60 ரூபாய் கூடுகிறது. பலகையில் எழுதிப் போட்டுவிட்டு இருந்துவிடலாம்தான். ஆனால், என் தகப்பனார் காலத்திலிருந்து நலம் விசாரித்துக் கறி வாங்கிப் போகும் குடும்பங்களுக்குப் பலகை எழுத்து மட்டும் போதாது என்பதாலும், நாங்கள் செம்மறிக்கறியைக் கலப்பதாக உலவிவரும் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதாலும் இந்த மடலை எழுதுகிறேன்.

நாங்கள் உருப்படி, அதாவது வெட்டுக்கான ஆடு, பிடிப்பது அய்யலூர் வியாழன் சந்தையிலும் திருமங்கலம் வெள்ளிச் சந்தையிலும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே ஆட்டைத் தராசில் ஏற்றுவதில்லை. முதுகையும் இடுப்பையும் அழுத்திப் பார்த்து, இத்தனை கிலோ கறி விழும் என்று கண்மதிப்பாகக் கணித்து, தரகரின் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேச வேண்டும். உயிரோடு இருபது கிலோ நிற்கும் கிடாயில் கறியாகத் தேறுவது ஏறத்தாழப் பாதிதான். மதிப்பில் ஒரு கிலோ பிசகினால் அந்த உருப்படியில் எங்களுக்கு நிற்க வேண்டிய லாபம் போய்விடும். முன்பெல்லாம் தோல் விற்ற காசு வெட்டுக்கூலியைத் தாங்கியது. தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பேர்போன இந்தத் திண்டுக்கல்லிலேயே இன்று ஆட்டுத்தோலைச் சீந்துவாரில்லை.

புரட்டாசியில் வியாபாரம் படுத்திருக்கும்போது சந்தையிலும் விலை இறங்கியிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் வளர்ப்பவர்கள் தீபாவளிக்கென்று கிடாய்களைப் பட்டியிலேயே நிறுத்திக்கொள்வதால், சந்தைக்கு வரும் உருப்படியும் குறைந்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்ததே என்று கேட்டவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும்: வெட்டிய கறியைப் பச்சையாக நிறுத்துக் கொடுப்பதற்கு முன்பும் வரி இல்லை, இப்போதும் இல்லை, ஆகவே அதில் குறைவதற்கு ஒன்றுமில்லை.

வளர்ப்பவர்களையும் குறை சொல்ல முடியாது. நூறு நாள் வேலையின் நாள் கூலியே 2023-24இல் 294 ரூபாயாக இருந்து 2025-26இல் 336 ரூபாய் ஆகியிருக்கும்போது, வெயிலில் பொழுதெல்லாம் ஆடு மேய்க்கப் பழைய கூலிக்கு யார் வருவார்கள்? நம் கடையிலும் அதே கதைதான். குழம்புக்கு, வறுவலுக்கு, பிரியாணிக்கு என்று நீங்கள் வாய் திறக்கும் முன்பே வெட்டித் தந்த இருவரும் கூடுதல் சம்பளத்துக்குத் திருப்பூருக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் நன்றாக இருக்கட்டும். பீகாரிலிருந்து வந்திருக்கும் தம்பி ஒருவர் அக்கறையோடு தொழில் கற்றுவருகிறார். துண்டு சற்றுப் பெரிதாக விழுந்தால் அப்போதே சொல்லுங்கள், திருப்பி வெட்டித் தருகிறோம்.

இனி, மனத்தை மிகவும் வருத்திய செய்தி. நாங்கள் வெள்ளாடு என்று சொல்லிச் செம்மறியைக் கலப்பதாக ஒரு குரல்பதிவு ஆடி மாதத்திலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. கறி வேகவில்லை, குழம்பில் கொழுப்பு மிதந்தது என்பதுதான் அதில் சொல்லப்படும் ஆதாரம். கிடாய் கொஞ்சம் முற்றியிருந்தால் கறி வேக நேரமாகும். நன்றாக மேய்ந்த ஆட்டில் கொழுப்பும் இருக்கும். அதற்காக ஆட்டின் இனமே மாறிவிடுமா? நம் கடையில் தொங்கும் உரித்த ஆட்டில் வாலை மட்டும் ரோமத்தோடு விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அன்று. வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி வளைந்திருக்கும், செம்மறிக்குக் கீழ்நோக்கித் தொங்கும். கொழுப்பையும் பாருங்கள். செம்மறிக்குத் தோலுக்கு அடியிலேயே வெள்ளையாகப் படர்ந்திருக்கும். வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் உள்ளே, குண்டிக்காயைச் சுற்றித்தான் இருக்கும். மாநகராட்சி ஆட்டுத்தொட்டியின் (ஆடு வெட்டும் கூடத்தின்) முத்திரையும் தொடையில் இருக்கும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறிகள் ஏறத்தாழ 45 லட்சம், வெள்ளாடுகளோ ஏறத்தாழ 99 லட்சம். வெள்ளாடு கிடைக்காமல்தான் நாங்கள் செம்மறியைக் கலந்தோம் என்பதும் பொருந்தாது. செம்மறிக்கறி மட்டம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்று முன்கூட்டிச் சொன்னால் அதையும் பிடித்து வந்து அதன் பெயர் சொல்லியே தருவேன். சந்தேகம் உள்ளவர்கள் காலை ஐந்தரை மணிக்கு வந்து, முழு ஆடு தொங்கும்போதே பார்த்து, நின்று வெட்டி வாங்கிச் செல்லலாம். அந்தப் பதிவை எங்களுக்கே அனுப்பி, “இதற்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள் அண்ணே” என்று உரிமையோடு கேட்டவர்களுக்கும், அது பரவிய பிறகும் வழக்கம்போல வரிசையில் நின்றவர்களுக்கும் நான் பட்ட கடன் பெரிது.

புதிய விலை தீபாவளியை ஒட்டி வருவதால் பண்டிகைக் கொள்ளை என்று தோன்றக்கூடும். பண்டிகை முடிந்து சந்தை இறங்கினால் நம் பலகையிலும் விலை இறங்கும். ஈரல் துண்டு சேர்த்துப் போடும் வழக்கம் இனித் தனி எடையாக மாறுவது தவிர மற்றவை முன்போலவே நடக்கும்.

தீபாவளிக் கறிக்கு முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிட்டால், யாரையும் காக்க வைக்காமல் எடுத்து வைத்துவிடுவோம். தலைக்கறியும் குடலும் வேண்டுவோர் இன்னும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்,
திண்டுக்கல்