மதுரைக்கு வேண்டியது பெயர்ப் பலகை அல்ல

ஆசிரியருக்கு,

சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்துவிட்டால் மதுரைக்கு வெளிநாட்டு விமானங்கள் வரிசைகட்டி வந்துவிடும் எனப் பலரும் நம்புகிறார்கள். பலகையை மாற்றினால் விமானம் வராது. சுங்கமும் குடியேற்றச் சோதனையும் உள்ள நிலையத்திலிருந்து இந்திய நிறுவனங்கள் இப்போதே வெளிநாடு பறக்கலாம். மதுரையில் அவை உண்டு. வெளிநாட்டு நிறுவனம் இறங்க வேண்டுமானால், அந்த நாட்டுடன் நாம் செய்துகொண்ட இருதரப்பு விமான சேவை ஒப்பந்தத்தில் ஊரின் பெயர் இருக்க வேண்டும். ‘பாயின்ட் ஆஃப் கால்’ என்பது இதுதான். சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் திருச்சியும் கோவையும் இருப்பதால் அந்நாட்டின் ஸ்கூட் விமான நிறுவனம் அங்கே வருகிறது. மதுரை அதில் இல்லை.

பெருநகரம் அல்லாத ஊர்களைப் பயணிகள் சேவைக்குப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. கேரளத்தின் கண்ணூர் விமான நிலையத்துக்கும் இதே பதில்தான். காரணம் அற்பமானதல்ல. துபாய் நிறுவனம் இந்தியாவில் பல ஊர்களில் ஆள் ஏற்றுகிறது. பதிலுக்கு நமக்குக் கிடைப்பது துபாய் என்ற ஒரே ஊர். அங்கே விமானம் மாறி லண்டன் போகிறவரின் நீண்ட தூரக் கட்டணமும் அவர்களுக்கே போய்ச் சேர்கிறது.

எனவே, "மதுரையைச் சேருங்கள்" என்று மட்டும் கேட்பது பலன் தராது. துபாய் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரம் சுமார் 66,000 இருக்கைகள்தான் அனுமதி. அது ஏறக்குறைய நிரம்பிவிட்டது. பெயர் மட்டும் சேர்ந்தால், சென்னையிலோ கொச்சியிலோ குறைத்துத்தான் மதுரைக்கு வர முடியும். ஓடுகிற தடத்தை யார் குறைப்பார்கள்? பொதுவாக இருக்கைகளைக் கூட்டினாலோ, அவை மும்பைக்கும் டெல்லிக்கும் போய்விடும்.

கேட்க வேண்டியது, ஊரோடு பூட்டிய இருக்கைகள். நாளுக்கு ஒரு விமானம், 180 இருக்கை என்றால் வாரம் 1,260. மொத்த ஒதுக்கீட்டில் 2 சதவீதம்கூட இல்லை. அவற்றை வேறு ஊருக்கு மாற்றக் கூடாது. ஒரு கால அட்டவணைப் பருவம் (கோடை அல்லது குளிர்காலம்) முழுக்கப் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாக வேண்டும். அதே அளவு கூடுதல் இருக்கை இந்திய நிறுவனங்களுக்கும் கிடைக்க வேண்டும். அவை எந்த ஊரிலிருந்து பறப்பது என்பதை அவையே முடிவு செய்யட்டும். நமக்கும் சம இருக்கை என்ற இந்த மூன்றாவது நிபந்தனை இல்லாமல் டெல்லியில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

தென்மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த மனுவில் ‘சர்வதேச அந்தஸ்து’ என்ற சொல்லை விட்டுவிட்டு, நாடு வாரியாக இந்த எண்களை எழுதிக் கொடுக்கலாம்.

– ஒரு வாசகர், மதுரை