அக்கி காயட்டும், அப்புறம் வா

அன்புள்ள மீனாவுக்கு,

அப்பாவுக்கு அக்கி என்றதும், "அப்போ ஞாயிற்றுக்கிழமை வரலாமா, கூடாதா?" என்று கேட்டாய். டாக்டரிடம் விசாரித்துவிட்டு எழுதுகிறேன். வராதே.

முதுகில் தொடங்கி வலது விலாவைச் சுற்றி மார்பு வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். நடு மார்பில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிட்டது. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. மூன்று நாள் முன்பிருந்தே சட்டை பட்டால் எரிகிறது என்றார். நான் வேர்க்குரு என்று பவுடர் போட்டுவிட்டேன்! கொப்புளம் வந்ததும் உன் அத்தை பேச்சைக் கேட்டு, குயவர் வீட்டில் காவி மண்ணால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். குளிர்ச்சியாகத்தான் இருந்ததாம். ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டுமாம். மூன்றாம் நாள் காலையில் இழுத்துக்கொண்டு போனேன். அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் ஐந்து வேளை. போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

ஏழு வயதில் அவருக்குப் போட்டிருந்த சின்னம்மைதானாம் இது. அம்மை இறங்கினாலும் கிருமி போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் படுத்துக்கொள்கிறது. வயதாகி உடம்பு தளர்ந்தால், அந்த ஒரு நரம்பு வழியாகவே வெளியே வருகிறது. அதனால்தான் அந்தப் பட்டை.

அக்கியிலிருந்து அக்கி ஒட்டாது. ஆனால் அம்மையே வராதவர்கள் மேல் அந்தக் கொப்புள நீர் பட்டால் அவர்களுக்கு அம்மை போடலாம். என் கவலை அதுதான். தம்பிக்கு அம்மை போட்டபோது, வாசலில் வேப்பிலை செருகின கையோடு உன்னைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அழைத்து வந்தேன். உனக்கு ஊசியும் போடவில்லை. இப்போது ஆறாம் மாதம். கர்ப்பிணிக்கு அம்மை வந்தால் நுரையீரல் வரை போகலாம் என்கிறார் டாக்டர். இந்த நேரத்தில் தடுப்பூசியும் போடமாட்டார்களாம். ஒருவேளை எனக்கே தெரியாமல் உனக்கு லேசாக வந்து போயிருக்கலாம். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமாம். உன் டாக்டரிடம் கேள்.

எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டிவிட்டால் பயமில்லை. அநேகமாகப் பத்து நாள். வளைகாப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

50 தாண்டியவர்களுக்கு அக்கிக்கென்றே தடுப்பூசி இருக்கிறதாம், இரண்டு தவணை. எனக்குப் போடலாமே என்று விலை விசாரித்த அப்பா அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நீ கொஞ்சம் சொல்லிப் பார்.

பரிசோதனை முடிவு வந்ததும் போன் பண்ணு. மதியம் இரண்டு மணிக்கு வேண்டாம். ராத்திரியெல்லாம் வலியில் புரள்கிறவர், அப்போதுதான் கண் அசருகிறார்.

அம்மா